பாட்டியை மேடையேற்றிய பேச்சு: ஒபாமா, 2008

கேள்வி: 2008-ல் பிலடெல்பியாவில் இனப் பிரச்சினை பற்றி ஒபாமா பேசியதை, அமெரிக்க அரசியல்வாதி ஒருவர் மிகவும் மனம் திறந்து பேசிய பேச்சுகளில் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் தன் போதகரைக் "கைவிட முடியாது" என்று அதில் சொன்னவர், ஆறே வாரத்தில் அவரைக் கைவிட்டுவிட்டார். அப்படியானால் அது உண்மையிலேயே மனம் திறந்த பேச்சா, இல்லை மாட்டிக்கொண்டவரின் சமாளிப்பா?

பதில்:

இரண்டும்தான். மாட்டிக்கொண்டதால்தான் அந்தப் பேச்சே நடந்தது. அதுவரை ஓராண்டுக்கு மேலாக, தன் நிறத்தைப் பற்றித் தேவைக்கு மேல் பேசாமல் ஓட்டு கேட்பதுதான் ஒபாமாவின் வழி. ஆனால் ஒருவர் எதனால் வாய் திறந்தார் என்பது ஒரு கேள்வி; திறந்து என்ன சொன்னார் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலை வைத்தே இரண்டாவதையும் முடித்துவிடுவது அவசரம். அந்தப் பேச்சில் சமாளிப்பு எங்கே, துணிச்சல் எங்கே என்று இடம் சுட்டியே காட்ட முடியும். அதைச் செய்து பார்க்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் பின்னணி. 2008 மார்ச்சில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதில் ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளின்டனுக்கும் கடும் போட்டி. ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்களே வாழும் அயோவா மாநிலத்தில் ஜனவரி 3 அன்று ஜெயித்து எல்லோரையும் திகைக்க வைத்திருந்தார் ஒபாமா. மார்ச் 11-க்குப் பிறகு அடுத்த வாக்குப்பதிவு ஏப்ரல் 22, பென்சில்வேனியாவில். நடுவில் ஆறு வாரம் தேர்தலே இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் செய்தி ஓட்டும் சேனல்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 13 அன்று ஏபிசி தொலைக்காட்சி சில பிரசங்கத் துண்டுகளை ஒளிபரப்பியது. பேசுபவர் ஜெரமையா ரைட், சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருக்கும் டிரினிட்டி சர்ச்சின் போதகர். ஒபாமாவுக்கு 1992-ல் திருமணம் செய்து வைத்தவர், அவருடைய இரண்டு மகள்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர். ஒபாமாவின் இரண்டாவது புத்தகத்தின் தலைப்பே இவருடைய பிரசங்கம் ஒன்றிலிருந்து எடுத்ததுதான். அப்படிப்பட்டவர் ஒரு துண்டில், இரட்டைக் கோபுரம் விழுந்த ஐந்தாம் நாள், ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் நினைவுபடுத்தி, நாம் வெளியே செய்தது இப்போது நம் வாசலுக்கே வந்திருக்கிறது என்கிற பொருளில் முழங்குகிறார். 2003-ல் பேசிய இன்னொரு துண்டில், சிறைகளைப் பெரிதாக்கி எங்கள் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு, கடவுள் அமெரிக்காவை ஆசீர்வதிப்பாராக என்று எங்களையே பாடச் சொல்கிறீர்களா, இல்லை, சபிப்பாராக என்கிறார். சில நொடி ஓடும் இந்தத் துண்டுகள் நாள் முழுவதும் எல்லா சேனலிலும் திரும்பத் திரும்ப ஓடின.

ரைட் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தத் துண்டுகளில் அது தெரியாது. 1972-ல் அவர் பொறுப்பேற்றபோது அந்தச் சபையில் நூறு பேர்கூட இல்லை. அதைப் பல ஆயிரம் பேர் வரும் சபையாக வளர்த்தார். அமெரிக்க மரைன் படையிலும், பிறகு கடற்படையில் மருத்துவ உதவியாளராகவும் பணியாற்றியவர். 1966-ல் அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவரைக் கவனித்துக்கொண்ட குழுவில் இருந்தவர். எரேமியா, ஆமோஸ் போன்ற தீர்க்கதரிசிகள் சொந்த ஜனத்தையே கடிந்து சபித்தார்களே, அந்தப் பழைய ஏற்பாட்டுத் தொனி கறுப்பினத்தவரின் சர்ச்சுகளில் வழக்கமானது. அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பிரசங்கங்கள் புதிதல்ல. கேட்டே இராத வெள்ளையர்களுக்கோ தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்க வாழ்க்கையில் மிகவும் பிரிந்து கிடக்கும் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலைதான் என்பது மார்ட்டின் லூதர் கிங் காலத்திலிருந்து சொல்லப்படுவது. ஒபாமாவும் பேச்சில் இதைச் சொன்னார்.

சரி, சமாளிப்புக்கு என்ன ஆதாரம்? நிறையவே இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 2007 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் தன் வேட்பு அறிவிப்பைத் தொடங்கி வைத்து ஜெபிக்க ரைட்டைத்தான் அழைத்திருந்தார் ஒபாமா. கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதாவது இவரால் சிக்கல் வரும் என்று ஓராண்டுக்கு முன்பே தெரியும். துண்டுகள் வெளிவந்த மறுநாள், மார்ச் 14 அன்று, இந்தப் பேச்சுகளை நான் நேரில் கேட்டதில்லை என்று அறிக்கை விட்டார். நான்கு நாள் கழித்து பிலடெல்பியாவில், சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோது சர்ச்சைக்குரியவற்றை நான் கேட்டதுண்டா என்று தானே கேள்வி எழுப்பி, ஆமாம் என்று பதில் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், வக்கீல் பாணியில் பொருந்தும். சாதாரணமாகக் கேட்பவருக்கு உறுத்தும். இன்னொன்று: பேச்சின் ஆரம்பத்தில் ரைட்டைக் கண்டிக்கும் பகுதியில், மத்திய கிழக்கின் மோதல்களுக்கு இஸ்ரேல் போன்ற உறுதியான கூட்டாளிகளைக் குறை சொல்வது தவறு என்று ஒரு வாக்கியம் வரும். அமெரிக்காவின் கறுப்பு வெள்ளைப் பிரச்சினை பற்றிய பேச்சில் அதற்கு என்ன வேலை? அது வேறு வாக்காளர்களுக்கு அனுப்பிய கடிதம்.

மார்ச் 18, செவ்வாய்க்கிழமை காலை. இடம் பிலடெல்பியாவின் தேசிய அரசியல் சாசன மையம். 1787-ல் அரசியல் சாசனம் எழுதப்பட்ட மண்டபம் அங்கிருந்து நடந்து போகும் தூரம். ரைட் பிறந்து வளர்ந்த ஊரும் பிலடெல்பியாதான் என்பது பலர் கவனிக்காத விஷயம். பேச்சு ஏறக்குறைய 37 நிமிடம். அவருடைய வழக்கமான கூட்டங்களைப் போல ஆரவாரம் கிடையாது. அழைக்கப்பட்டு வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்க, பாடம் நடத்துகிற குரலில் பேசினார். "மக்களாகிய நாம்" என்ற சாசனத்தின் முதல் வரியில் ஆரம்பித்து, அந்தச் சாசனமே அடிமை முறை என்ற ஆதிபாவத்தின் கறையோடுதான் எழுதப்பட்டது, அடிமை வியாபாரத்தை இன்னும் இருபது வருடம் தொடர விட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்றார். இது நல்ல ஆரம்பம், ஆனால் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கப் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிற விஷயம். முடிவுப் பகுதியும் அப்படித்தான். தென் கரோலைனாவின் ஃபிளாரன்ஸ் நகரில் பிரச்சார வேலை செய்த ஒரு வெள்ளைக்கார இளம்பெண்ணையும், அவளுக்காகத்தான் வந்தேன் என்று சொன்ன ஒரு கறுப்பின முதியவரையும் பற்றிய கதை. கேட்க நன்றாக இருக்கும், எந்தத் தேர்தல் மேடையிலும் கேட்கலாம்.

விஷயம் நடுப்பகுதியில் இருக்கிறது.

அங்கே அவர் செய்தது இதுதான்: கறுப்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வெள்ளையர் காதில் விழும்படி சொன்னார், வெள்ளையர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கறுப்பர் காதில் விழும்படி சொன்னார். இரண்டையும் ஒரே மேடையில், ஒரே குரலில், எதையும் கிண்டல் செய்யாமல். கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் ஓட்டு வாங்கப் போகிறவர் யாரும் செய்யாத வேலை அது. ஒவ்வொரு தரப்பிடமும் அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்வதுதான் தொழில் வழக்கம். மற்றவர்களின் மனத்தாங்கலைக் கொண்டுவந்து எதிரே வைப்பது அல்ல.

கறுப்பர்களின் கோபம் வெள்ளைக்கார சக ஊழியர்கள் முன்னால் வெளியே வராது, சலூனிலும் சாப்பாட்டு மேசையிலும் வரும் என்றார். சில நேரம் அரசியல்வாதிகள் அதை வைத்து ஓட்டு சேர்ப்பார்கள், சில நேரம் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லும்போது அடிமைக் காலத்தோடு நிறுத்தவில்லை. ரைட்டின் தலைமுறை ஆளான ஐம்பதுகள், அறுபதுகளைச் சொன்னார்: நிறத்தின் பேரில் சொத்து வாங்க விடாதது, தொழில் கடன் மறுத்தது, தொழிற்சங்கத்திலும் போலீசிலும் தீயணைப்புப் படையிலும் சேர்க்காதது, அரசு உத்தரவாதமுள்ள வீட்டுக்கடனைக் கொடுக்காதது.

இந்தக் கடைசி வரியைக் கேட்கிறவர்கள் சட்டென்று தாண்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் முழுப் பேச்சிலும் கனமான வரி அதுதான், அதனால் கொஞ்சம் நிற்கிறேன். 1930-களில் ரூஸ்வெல்ட் அரசு வீட்டுக்கடன் முறையையே மாற்றியது. அதுவரை பாதி விலையைக் கையில் வைத்திருந்தால்தான் வீடு வாங்கலாம் என்ற நிலை. 1934-ல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம், வங்கி கொடுக்கும் கடனுக்கு அரசே காப்பீடு தந்தது. சிறிய முன்பணம், நீண்ட தவணை, குறைந்த வட்டி. சம்பளக்காரனும் வீட்டுக்காரன் ஆனான். ஆனால் எந்தத் தெருவில் கடன் கொடுக்கலாம் என்று பார்க்கும்போது, கறுப்பர் குடியிருக்கும் தெரு ஆபத்தான தெருவாகக் கணக்கிடப்பட்டது. அதே காலத்தில் வேறொரு அரசு அமைப்பு நகரங்களுக்கு நான்கு நிறத்தில் வரைபடம் போட்டது: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. கறுப்பர் பகுதி என்றால் அநேகமாகச் சிவப்பு. சிகாகோவில் என்ன ஆனது என்றால், வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள் இடைத்தரகர்களிடம் ஒப்பந்த முறையில் வீடு வாங்கின. சந்தை விலையைவிடப் பல மடங்கு விலை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் பெயரில் வராது. ஒரு மாதம் தவறினாலும் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. அடுத்த வாரம் அதே வீடு இன்னொரு குடும்பத்துக்கு விற்கப்படும். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1968-ல்தான் வந்தது, அதுவும் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்.

1950-ல் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று அரசு உத்தரவாதத்தோடு வாங்கிய புறநகர் வீடு, முப்பது வருடத்தில் பிள்ளைகளின் கல்லூரிச் செலவாகவும் பேரனுக்கு முன்பணமாகவும் மாறியது. சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவர்களுக்கு மாற எதுவும் இல்லை. சம்பளம் சமமாக இருக்கும் குடும்பங்களிடையிலும் சொத்து ஏன் சமமாக இல்லை என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒபாமா இதை மேடையில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதிபர் ஆகப் போகிறவர் ஒருவர், இது யாரோ கெட்டவர்கள் செய்த வேலை அல்ல, அரசு சட்டப்படி செய்த வேலை என்று சொன்னார்.

அடுத்து திரும்பினார். இதே போன்ற கோபம் வெள்ளையர்களில் ஒரு பகுதியினரிடமும் இருக்கிறது என்றார். வேலை செய்து பிழைக்கும் வெள்ளையர்கள் பலர், தங்கள் நிறத்தால் தங்களுக்கு ஏதோ சலுகை கிடைத்ததாக நினைப்பதில்லை. எங்கிருந்தோ வந்தோம், கையில் ஒன்றுமில்லை, உழைத்தோம் என்பதுதான் அவர்கள் மனதில் உள்ள கதை. தொழிற்சாலை வெளிநாட்டுக்குப் போகிறது, ஓய்வூதியம் கரைகிறது. இந்த நேரத்தில், ஊருக்கு மறுகோடியில் உள்ள பள்ளிக்கு உன் பிள்ளையை பஸ்ஸில் அனுப்பு என்று சொன்னாலோ, நான் செய்யாத பழைய அநீதிக்காக இன்னொருவருக்கு வேலையில் முன்னுரிமை என்று கேட்டாலோ, மனக்கசப்பு சேர்கிறது என்றார். அந்தக் கசப்பு நியாயமான கவலையில் வேரோடியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் அவர்களை இனவெறியர் என்று முத்திரை குத்துவது பிளவை இன்னும் அகலமாக்கும் என்றும் சொன்னார்.

பஸ் விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. 1974-ல் பாஸ்டனில் நீதிமன்ற உத்தரவுப்படி கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கும், வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கறுப்பர் பள்ளிக்கும் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். தென் பாஸ்டனில் ஐரிஷ் உழைப்பாளி மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கறுப்பினக் குழந்தைகள் வந்த பஸ்கள் மீது கல்வீச்சு. அதில் இனவெறி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. அதே 1974-ல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறு செய்ததாக நிரூபிக்கப்படாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை இந்தத் திட்டத்தில் இழுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆக, வசதியுள்ள வெள்ளையர் வாழும் புறநகர்கள் தப்பித்தன. நகரத்துக்குள் இருந்த ஏழை வெள்ளையரும் ஏழைக் கறுப்பருமே பிள்ளைகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உபதேசம் செய்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை என்ற ஆத்திரம் தென் பாஸ்டனில் பல ஆண்டுகள் இருந்தது. ஒபாமா தொட்டது அந்த இடத்தை.

இடதுசாரி விமர்சகர்கள் இங்கேதான் அவரைப் பிடித்தார்கள். அரசே சட்டம் போட்டுப் பறித்ததையும், பறிக்கப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தபோது வந்த எரிச்சலையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பேச்சைக் கவனமாகப் படித்தால் அவர் இரண்டும் சமம் என்று எங்கும் சொல்லவில்லை. இரண்டும் இருக்கின்றன என்றார். ஆனால் 37 நிமிடப் பேச்சில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்னால் கேட்பவர் மனதில் சமமாகத்தான் பதியும். இந்தக் குறையை நான் மறுக்க மாட்டேன்.

இப்போது பாட்டி. ரைட்டைக் கைவிடுவது கறுப்பினச் சமூகத்தையே கைவிடுவது போல, என் வெள்ளைக்காரப் பாட்டியைக் கைவிடுவது போல என்றார். என்னை வளர்த்தவர், உலகத்தில் வேறு எதற்கும் குறையாமல் என்னை நேசிப்பவர். ஆனால் தெருவில் எதிரே வரும் கறுப்பின ஆண்களைக் கண்டால் பயம் என்று ஒரு முறை ஒத்துக்கொண்டவர், நான் கூனிக்குறுகும்படி இனம் பற்றி ஏதேதோ சொன்னவர் என்றார். உடனே வலதுசாரி வானொலிகளில் ஒரே கூச்சல்: ஓட்டுக்காகப் பாட்டியையே பலி கொடுத்துவிட்டான். பாட்டி மேடலின் டன்ஹம் அப்போது ஹவாயில் உயிரோடு இருந்தார், உடல்நலம் இல்லாமல்.

இதை அவசரத்துக்கு ஜோடித்தார் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தச் சம்பவம் 1995-ல், அவர் எந்தத் தேர்தலிலும் நிற்பதற்கு முன்பே வெளியான அவருடைய சுயசரிதையில் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் பணம் கேட்டு ஒருவன் பாட்டியைத் தொந்தரவு செய்கிறான். மறுநாள் காரில் கொண்டுபோய் விடச் சொல்கிறார் பாட்டி, தாத்தா மறுக்கிறார், வீட்டில் சண்டை. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது, இந்த முறை அந்த ஆள் கறுப்பன் என்பதால்தான் அவளுக்கு இவ்வளவு பயம் என்று பேரனிடம் தாத்தா வாய் திறக்கிறார். பதின்ம வயதுப் பையனுக்கு, தன்னை வளர்த்த கையே தன் நிறத்தைக் கண்டு நடுங்குகிறது என்று தெரிகிறது. சமாளிக்க நினைப்பவர் இதைவிடச் சுலபமான உதாரணம் ஆயிரம் தேடியிருக்கலாம்.

ஆனால் இரண்டு நாள் கழித்து பிலடெல்பியா வானொலி ஒன்றில் இதையே விளக்கப் போய், பாட்டி ஒரு "வழக்கமான வெள்ளைக்காரர்" என்று சொல்லிவிட்டார். எழுதி வைத்துப் பேசும்போது இருந்த பக்குவம் வாய்ப்பேச்சில் நழுவிவிட்டது. அதைவிடப் பெரிய சறுக்கல் ஏப்ரல் தொடக்கத்தில். சான் பிரான்சிஸ்கோவில் நிதி கொடுப்பவர்கள் கூடிய தனிக்கூட்டத்தில், வேலை போன சிற்றூர் மக்கள் கசந்துபோய் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துத் தொங்குகிறார்கள் என்கிற மாதிரி பேசினார். அது வெளியே வந்து பெரிய ரகளை ஆனது. யோசித்துப் பாருங்கள்: பிலடெல்பியாவில் சொன்னதும் ஏறக்குறைய இதே கருத்துதான், அதே மக்களைப் பற்றித்தான். அங்கே அவர்கள் காது கேட்கச் சொன்னார், மரியாதை இருந்தது. இங்கே அவர்கள் இல்லாத இடத்தில், அவர்களைப் பற்றிப் பணக்காரர்களிடம் சொன்னார், ஏளனமாக ஒலித்தது. ஒரு பேச்சு மனம் திறந்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவர்கள் கேட்கும்படி சொன்னாரா? பிலடெல்பியா இதில் தேறுகிறது. சான் பிரான்சிஸ்கோ தேறவில்லை.

அன்றைய எதிர்வினைகளில் இரண்டு எனக்குப் பிடிக்கும். நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திய ஜான் ஸ்டூவர்ட், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு முக்கியமான அரசியல்வாதி இனம் பற்றி அமெரிக்கர்களிடம், அவர்களைப் பெரியவர்களாக மதித்துப் பேசினார் என்று முடித்தார். இன்னொருவர் குடியரசுக் கட்சியின் மைக் ஹக்கபி, தெற்கே ஆர்கன்சா மாநிலத்து ஆள், தானே பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். தனித்தனிக் கதவு, தனித்தனி இருக்கை என்று பிரித்து வைத்த ஊரில் வளர்ந்தவன் நான், அப்படி அவமானப்பட்டு வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கோபம் இருந்தால் அதற்கு நாம் இடம் கொடுக்க வேண்டும் என்கிற பொருளில் பேசினார். எதிர்க்கட்சிக்காரர், ஒரு லாபமும் இல்லை, சொன்னார். பிரசங்க மேடையில் வாய் எப்படி ஓடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்று நாள் கழித்து, கிளின்டன் அரசில் அமைச்சராக இருந்த நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் ஒபாமாவுக்கு ஆதரவு தெரிவித்தார், இந்தப் பேச்சைக் குறிப்பிட்டே. மறுபக்கம், ரைட்டின் சொற்களுக்குப் பதில் சொல்லாமல் அமெரிக்க வரலாற்றுக்குள் ஒளிந்துகொண்டார் என்று வலதுசாரி எழுத்தாளர்கள் எழுதினார்கள். பென்சில்வேனியாவில் ஹிலாரி சுமார் 9 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். பேச்சு மந்திரம் ஒன்றும் போடவில்லை.

இனி உங்கள் ஆறு வாரக் கணக்கு. ஏப்ரல் 25 அன்று பொதுத் தொலைக்காட்சிப் பேட்டியில் ரைட் நிதானமாகத்தான் பேசினார். ஆனால் அரசியல்வாதி அரசியல்வாதியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார் என்று ஒரு போடு போட்டார். 28 அன்று வாஷிங்டன் நேஷனல் பிரஸ் கிளப்பில் கேள்வி பதில் பகுதியில் நிதானம் போய்விட்டது. எய்ட்ஸ் கிருமியை அரசே பரப்பியது என்ற தன் பழைய பேச்சைக் கைவிடவில்லை; டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்கு மருந்து கொடுக்காமல் அரசு வேடிக்கை பார்த்ததே, அதன் பிறகு எதையும் நம்பலாம் என்றார். டஸ்கீகி நடந்தது உண்மை. அதிலிருந்து எய்ட்ஸுக்குத் தாவுவது உண்மை அல்ல. மறுநாளே வட கரோலைனாவில் ஒபாமா, நேற்று நான் பார்த்த மனிதர் இருபது வருடத்துக்கு முன் நான் சந்தித்தவர் அல்ல என்று முற்றாக விலகினார். மே 31 அன்று சர்ச்சிலிருந்தும் வெளியேறினார்.

இது வாக்கு மீறல்தானா? ஆமாம். மார்ச்சில் அவர் சொன்ன உவமைக்கு விதிவிலக்கு எதுவும் வைக்கவில்லை. பாட்டி பிரஸ் கிளப்பில் போய்ப் பேசியிருந்தால் கைவிட்டிருப்பாரா? மாட்டார். இதில் அவருக்காக வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லலாம். மார்ச்சில் ரைட்டின் பழைய பிரசங்கங்களுக்கு, ஒரு தலைமுறையின் காயம் என்று விளக்கம் கொடுத்துக் காப்பாற்றினார். ஏப்ரலில் ரைட் அந்த விளக்கத்தையே, அதெல்லாம் ஓட்டுக்காகச் சொல்வது என்று மேடையில் நின்று தள்ளிவிட்டார். அதற்கு மேலும் தாங்கிப் பிடித்திருந்தால் கதை மே 6-ல் நடந்த வட கரோலைனா வாக்குப்பதிவிலேயே முடிந்திருக்கும். அரசியல் கணக்கு அது, சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கடன் பற்றிச் சொன்னதும் பஸ் பற்றிச் சொன்னதும் அந்தக் கணக்கால் பொய்யாகிவிடவில்லை. ரைட் பற்றிய வாக்கு ஆறு வாரம் தாங்கியது. மற்றவை இன்றைக்கும் நிற்கின்றன.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அந்த ஏப்ரலில் வட கரோலைனா குடியரசுக் கட்சி ரைட்டை வைத்து விளம்பரம் தயாரித்தபோது, அதை ஓட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்ன். நவம்பரில் ஒபாமா ஜெயித்தார். வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புப்படி வெள்ளையர் வாக்கில் அவருக்குக் கிடைத்தது சுமார் 43 சதவீதம், 2004-ல் அதே கட்சியின் வேட்பாளர் ஜான் கெர்ரிக்குக் கிடைத்ததைவிட இரண்டு சதவீதம் கூட. பாட்டி அதைப் பார்க்கவில்லை. தேர்தலுக்கு முன்தான் இறந்தார்.

அதிபரான பிறகு அதே மாதிரி பேசினாரா என்றால், பெரும்பாலும் இல்லை. 2009 ஜூலையில், ஹார்வர்டின் கறுப்பினப் பேராசிரியர் ஹென்றி லூயி கேட்ஸை அவருடைய சொந்த வீட்டு வாசலிலேயே போலீஸ் கைது செய்தது. போலீஸ் முட்டாள்தனமாக நடந்துகொண்டது என்று ஒபாமா ஒரு வரி சொன்னார். அதற்கு வந்த எதிர்ப்பில், பேராசிரியரையும் போலீஸ்காரரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து பீர் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. அதன் பிறகு நான்கு வருடம் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருந்தார். 37 நிமிடத்துக்குக் கிடைத்த மரியாதை ஒரு வரிக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர் புரிந்துகொண்டிருப்பார்.

அடுத்து 2013 ஜூலை 19. புளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனைச் சுட்டவர் விடுதலையாகி ஆறு நாள். முன்னறிவிப்பு இல்லாமல் பத்திரிகையாளர் அறைக்கு வந்து, எழுதி வைத்துப் படிக்காமல் பேசினார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அந்தப் பையன் நானாக இருந்திருக்கலாம் என்றார். கடையில் பின்தொடரப்பட்ட அனுபவம் இல்லாத கறுப்பின ஆண்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு, நானும் அதில் சேர்த்தி. தெருவைக் கடக்கும்போது கார்களின் கதவுப் பூட்டு விழும் சத்தம், லிஃப்டில் நாம் ஏறியதும் கைப்பையை இறுக்கிப் பிடித்து, இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். பிலடெல்பியாவில் பாட்டியின் பயத்தைச் சொன்னவர், இங்கே அந்தப் பயம் எதிரே வருபவன் மேல் எப்படி விழுகிறது என்று சொன்னார்.

அதனால் படிக்க உட்கார்ந்தால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பிலடெல்பியா பேச்சின் காணொளித் துண்டுகள் வேண்டாம். துண்டுகளால்தான் ரைட் விவகாரமே வந்தது. முழு எழுத்து வடிவம் இணையத்தில் கிடைக்கிறது, அரை மணி நேரம் ஆகும். சலூன் வரும் இடத்திலிருந்து பஸ் வரும் இடம் வரை உள்ள பத்திகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். முதலிலும் கடைசியிலும் வருவதை வேகமாகத் தள்ளிவிட்டாலும் நஷ்டமில்லை.